கட்டுப்பாட்டுக் குறிகள் உள்ள உரைக் கோப்பை நேராகப் பிரிண்டருக்கு அனுப்புவது எப்படி?

#1 — ஊசிமுனை

வணக்கம் நண்பர்களே. இரண்டு நாளாக இதோடு மல்லாடிக்கொண்டிருக்கிறேன், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

என்னிடம் ஒரு பழைய டாஸ் நிரல் இருக்கிறது. அறிக்கையை உரைக் கோப்பாக எழுதித் தரும். அந்தக் கோப்புக்குள்ளேயே பிரிண்டருக்கான கட்டுப்பாட்டுக் குறிகளும் இருக்கும். தலைப்புக்கு முன்னால் 27 69 (தடிமன் தொடங்க), பின்னால் 27 70 (தடிமன் நிறுத்த). அட்டவணைக்கு முன்னால் 15 (எழுத்தைச் சுருக்க), முடிந்ததும் 18 (சுருக்கத்தை நீக்க). பக்கத்தின் அடியில் சின்னதாக ஒரு முத்திரைப் படம், கடைசியில் 12 (பக்கத்தை வெளியே தள்ள). பழைய கணினியில் இதை எல்பிடி1-க்கு (பிரிண்டர் இணையும் பேரலல் போர்ட்டின் பெயர்) அனுப்பினால் போதும், அழகாக வந்துவிடும்.

அந்தக் கணினி போய்விட்டது. நிரலை இப்போது புது விண்டோஸ் கணினியில் எமுலேட்டருக்குள் ஓட்டுகிறேன். கோப்பு சரியாகவே உருவாகிறது. பிரிண்டர் அதே 9 ஊசி டாட் மேட்ரிக்ஸ்தான், யுஎஸ்பி-யிலிருந்து பேரலல் போர்ட்டுக்கு மாற்றும் கேபிள் வழியாக இணைத்திருக்கிறேன். நோட்பேடில் திறந்து அச்சிட்டால் தலைப்பு தடிமனாக வருவதில்லை, அட்டவணை தாளுக்கு வெளியே ஓடுகிறது, மிக மெதுவாகவும் அடிக்கிறது. எல்பிடி1-க்கு அனுப்பினால் அப்படி ஒன்று இல்லவே இல்லை என்கிறது.

#2 — பழையநாடா

பிரிண்டரிலும் கோளாறு இல்லை, கோப்பிலும் இல்லை. நடுவில் டிரைவர் நிற்கிறது, அவ்வளவுதான்.

நோட்பேடில் அச்சிடும்போது கோப்பில் உள்ள பைட்டுகள் பிரிண்டருக்குப் போவதில்லை. விண்டோஸ் ஒவ்வொரு எழுத்தையும் திரையில் வரைவதுபோல் ஒரு பக்கமாக வரைகிறது. டிரைவர் அந்தப் பக்கத்தைப் புள்ளிகளாக மாற்றி அனுப்புகிறது. 27 என்பது அங்கே வரைய முடியாத ஓர் எழுத்து, அதனால் கட்டமாகவோ வெற்றிடமாகவோ போய்விடும். மெதுவாக அடிப்பதும் அதனால்தான். பிரிண்டர் தன் சொந்த எழுத்தை அடிக்கவில்லை, படம் வரைகிறது.

கேபிளைப் பொறுத்தவரை, அது எல்பிடி1 ஆகத் தோன்றாது. யுஎஸ்பி001 என்ற பெயரில் ஒரு போர்ட் வந்திருக்கும். இப்படிச் செய்யுங்கள். கட்டளைகளைத் தமிழெழுத்தில் தருகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் அந்த போர்ட்டில் "ஜெனரிக் / டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவரை நிறுவுங்கள். பிரிண்டரைப் பகிர்வில் வைத்து ஒரு சின்னப் பெயர் கொடுங்கள், ஊசி என்று வைத்துக்கொள்வோம். அப்புறம் கட்டளைச் சாளரத்தில்:

நெட் யூஸ் எல்பிடி1: \\கணினிப்பெயர்\ஊசி

இனி எல்பிடி1-க்கு அனுப்புவதெல்லாம் அந்தப் பிரிண்டருக்குப் போகும். கோப்பை அனுப்ப:

காப்பி /பி அறிக்கை.டிஎக்ஸ்டி எல்பிடி1

டெக்ஸ்ட் ஒன்லி டிரைவரை வைத்துக்கொண்டு மறுபடியும் நோட்பேடிலிருந்தே அச்சிட்டுப் பார்க்காதீர்கள். அந்த வழியில் போனால் 27 அப்போதும் தொலைந்துபோகும். காப்பி கட்டளை வழியாகப் போகும்போதுதான் பைட்டுகள் அப்படியே போய்ச் சேரும்.

#3 — எண்தேனீ

பழையநாடா சொன்னதோடு ஒன்று. நிரல் எழுதுபவர்கள் காப்பி கட்டளையை நம்பியிருக்க வேண்டியதில்லை. அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் விண்டோஸ் ஸ்பூலருக்கு ஒவ்வொரு வேலையோடும் ஒரு தரவு வகை உண்டு. அதை "ரா" என்று குறித்து ஓப்பன்பிரிண்டர், ஸ்டார்ட்டாக்பிரிண்டர், ரைட்பிரிண்டர் என்ற வரிசையில் அழைத்தால் ஸ்பூலர் உள்ளடக்கத்தைத் தொடாமல் வரிசையில் நிறுத்தி, முறை வந்ததும் அனுப்பிவிடும். பகிர்வும் வேண்டாம், எல்பிடி1-உம் வேண்டாம்.

லினக்ஸில் இன்னும் எளிது. எல்பி கட்டளையில் "-ஓ ரா" சேர்த்தால் கப்ஸ் என்ற அச்சு அமைப்பின் வடிகட்டிகளைத் தாண்டி நேராகப் போகும். அல்லது /டெவ்/யுஎஸ்பி/எல்பி0 என்ற சாதனக் கோப்பிலேயே எழுதிவிடலாம், எல்பி குழுவில் உங்கள் பயனர் இருந்தால் போதும்.

#4 — ஊசிமுனை

பாதி வெற்றி! தலைப்பு தடிமனாக வந்தது, அட்டவணை சுருங்கி ஒரே வரியில் அடங்கியது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஆனால் மூன்று சிக்கல்கள். முதல் தாளின் மேல் மூலையில் தேவையில்லாத மூன்று குறிகள்: கவிழ்த்த "யூ" போல ஒன்று, பெட்டியின் மூலை போல இரண்டு. பக்கத்தின் அடியில் முத்திரை வரவில்லை, அச்சு அங்கேயே நின்றுவிட்டது. அதே கோப்பை இரண்டாவது முறை அனுப்பினால் முதலில் புள்ளிக் குப்பை, தலைப்பிலும் தடிமன் இல்லை. ஒருமுறை வந்தது மறுமுறை ஏன் வரவில்லை?

#5 — பழையநாடா

ஒன்று கேட்கிறேன். கோப்பை நோட்பேடில் திறந்து ஏதாவது திருத்திச் சேமித்தீர்களா? கட்டளையில் /பி போட்டீர்களா?

#6 — ஊசிமுனை

தலைப்பில் ஒரு எழுத்துப்பிழை இருந்தது, திருத்திச் சேமித்தேன். /பி போடவில்லை. ஒரே கோப்புதானே, அது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

#7 — பழையநாடா

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டது. நிதானமாகவே சொல்கிறேன், இதை ஒருமுறை புரிந்துகொண்டால் இனி நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

மேலே வந்த மூன்று குறிகள்: நோட்பேட் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமிக்கும்போது, அடையாளக் குறியோடு சேமிக்கும்படி இருந்தால், தொடக்கத்தில் 239 187 191 என்ற மூன்று பைட்டுகளைச் சேர்க்கும். திரையில் அவை தெரியாது. பிரிண்டருக்கு யுடிஎஃப்-8 தெரியாது. அதனிடம் உள்ளது 437 என்ற எழுத்து அட்டவணை. அதில் 239 என்பது கணிதத்தில் வெட்டைக் குறிக்கும் கவிழ்ந்த குறி, 187-உம் 191-உம் பெட்டி மூலைகள். நீங்கள் பார்த்தது அதைத்தான்.

அச்சு நின்றது: /பி இல்லாமல் ஒரு சாதனத்துக்கு அனுப்பினால் காப்பி கட்டளை கோப்பை வெறும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். எழுத்துக் கோப்பில் 26 வந்தால் கோப்பு முடிந்தது என்று பொருள். டாஸ் காலத்துக்கும் முந்தைய வழக்கம் அது. உங்கள் முத்திரை படத் தரவு. 27 75 என்று தொடங்கி, இத்தனை நெடுவரிசை என்று எண்ணிக்கை சொல்லி, பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு பைட். அந்தப் பைட்டில் 26 வந்தால் மேலிருந்து நான்காவது, ஐந்தாவது, ஏழாவது ஊசிகள் அடிக்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். காப்பி கட்டளைக்கு அது எப்படித் தெரியும்? முடிந்தது என்று எண்ணி நிறுத்திவிட்டது.

இரண்டாவது முறை வந்த குப்பை: எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 120 நெடுவரிசை வரும் என்று கோப்பு வாக்குக் கொடுத்தது. 50 வந்ததும் அனுப்புவது நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்டர் மீதி 70-க்காகப் பொறுமையாகக் காத்திருக்கும், எவ்வளவு நேரமானாலும். அடுத்த கோப்பு வந்ததும் அதன் முதல் 70 பைட்டுகளைப் படமாக அடித்துவிடும். அந்த 70-க்குள் உங்கள் 27 69 மாட்டிக்கொண்டது, தடிமன் போயிற்று. 27 64 என்ற தொடக்கநிலைக் கட்டளையைக் கோப்பின் தலையில் வைத்திருந்தாலும் அதுவும் புள்ளியாகத்தான் போயிருக்கும். இப்படி நடுவழியில் அறுந்துபோனால் பிரிண்டரை நிறுத்திப் போடுவதே வழி.

நோட்பேடில் சேமித்த கோப்பை அழித்துவிடுங்கள். அதில் 127-க்கு மேற்பட்ட படப் பைட்டுகள் ஒவ்வொன்றும் இரண்டாகவோ மூன்றாகவோ பெருகியிருக்கும், அதைத் திரும்பச் சரிசெய்வதைவிடப் புதிதாக உருவாக்குவது சுலபம். எழுத்துப்பிழையை நிரலிலேயே திருத்துங்கள்.

#8 — எண்தேனீ

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டு பிழைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

விண்டோஸில் சி மொழியில் கோப்பை எழுத்து முறையில் திறந்து எழுதினால் ஒவ்வொரு 10-க்கும் (அடுத்த வரிக்கு இறங்கு) முன்னால் ஒரு 13 (இடது ஓரத்துக்குப் போ) தானாகச் சேரும். உரையில் அது நல்லது. படத் தரவில் ஒரு 10 இருந்தால் அதற்கு முன்னால் ஒரு பொய் நெடுவரிசை நுழைந்து, அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஒன்று தள்ளிப்போகும், கடைசி பைட் படத்துக்கு வெளியே எழுத்தாக விழும். படம் லேசாகக் கோணி, பக்கத்தில் ஒரு ஒற்றை எழுத்து நின்றால் இதைச் சந்தேகியுங்கள். இரும முறையில் திறந்து எழுத வேண்டும்.

மற்றது விண்டோஸ் பவர்ஷெல் 5.1. அதில் > குறி போட்டுக் கோப்பை உருவாக்கினால் யுடிஎஃப்-16 ஆக எழுதும். ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் ஒரு 0. 27 69 என்பது 27 0 69 0 ஆகிவிடும், பிரிண்டருக்கு எதுவும் புரியாது.

சின்னக் கோப்பைக் கையால் எழுத வேண்டுமானால் விம் எடிட்டரில் கண்ட்ரோல்-வி அழுத்திவிட்டு எஸ்கேப் அழுத்துங்கள், 27 உள்ளே போய்விடும். ஷெல்லில் பிரின்ட்எஃப் கட்டளையும் \033-உம் போதும்.

#9 — லேசர்ப்பொடி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இதே மாதிரி ஒரு கோப்பை நெட்வொர்க் லேசர் பிரிண்டருக்கு 9100 போர்ட் வழியாக அனுப்பினேன். பிரிண்டர் பிசிஎல் தெரிந்தது. ஒவ்வொரு தலைப்புக்கும் முன்னால் தாள் வெளியே வந்துவிடுகிறது! ஒரு பக்க அறிக்கை ஐந்து தாள் ஆகிறது. அட்டவணையும் சுருங்கவில்லை.

#10 — பழையநாடா

அருமையான எடுத்துக்காட்டு. உங்கள் கோப்பு இஎஸ்சி/பி மொழியில் எழுதியது. 1980-இல் வந்த எப்சன் எம்எக்ஸ்-80 காலத்திலிருந்து டாட் மேட்ரிக்ஸ் உலகம் பெரும்பாலும் பேசுவது அந்த மொழியை. 1984-இல் வந்த எச்பி லேசர்ஜெட் பேசியது பிசிஎல். இரண்டுமே 27-இல்தான் தொடங்கும், ஆனால் பொருள் வேறு வேறு.

இஎஸ்சி/பி-யில் 27 69 என்றால் தடிமன். பிசிஎல்-இல் அதே 27 69 என்றால் எல்லாவற்றையும் தொடக்கநிலைக்குக் கொண்டுபோ, அரைகுறையாக உள்ள பக்கத்தை அச்சிட்டு வெளியே தள்ளு. ஒவ்வொரு தலைப்பும் லேசருக்கு ஒரு "முடித்துவிடு". 15 என்பது பிசிஎல்-இல் முதன்மை எழுத்துருவுக்கு மாறு என்று மட்டுமே, ஏற்கெனவே அதில்தான் இருக்கிறீர்கள், அதனால் ஒன்றும் மாறாது.

பிசிஎல்-இல் தடிமனுக்கு 27-க்குப் பின்னால் (எஸ்3பி, திரும்ப (எஸ்0பி. இரண்டிலும் எஸ் சின்ன எழுத்து, பி பெரிய எழுத்து. அது முக்கியம், பெரிய எழுத்து வந்ததும் கட்டளை முடிந்தது என்று பிரிண்டர் எடுத்துக்கொள்ளும்.

#11 — லேசர்ப்பொடி

புரிந்தது, நன்றி! இன்னொன்று. லினக்ஸில் உருவாக்கிய கோப்பில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்திலிருந்து தொடங்கி படிக்கட்டு போல இறங்கி, தாளின் வலது ஓரத்தில் காணாமல் போகிறது.

#12 — எண்தேனீ

லினக்ஸ் கோப்பில் வரி முடிவு 10 மட்டும். லேசர் அதைச் சொன்னபடியே செய்கிறது: கீழே இறங்கு. இடது ஓரத்துக்குப் போ என்று சொல்ல 13 வேண்டும். கோப்பின் தொடக்கத்தில் 27-க்குப் பின்னால் &கே2ஜி (கே சின்னது, ஜி பெரியது) போட்டால் 10 வரும்போதெல்லாம் 13-உம் சேர்த்துக்கொள்ளும்.

9100 போர்ட் பற்றி ஒரு வார்த்தை. அது கடவுச்சொல் கேட்காது. அந்த நெட்வொர்க்கில் உள்ள யார் வேண்டுமானாலும் எதையும் அனுப்பலாம், கட்டுப்பாட்டுக் கட்டளைகள் உட்பட. வெளி இணையத்திலிருந்து அதை எட்ட முடியாதபடி கட்டாயம் மூடி வையுங்கள்.

#13 — நேர்வழி

எல்லாரும் இவ்வளவு அக்கறையாகப் பதில் சொல்வது மகிழ்ச்சி. ஆனாலும் மனதில் பட்டதைச் சொல்கிறேன். கோப்பைப் படித்துக் குறிகளைப் புரிந்துகொண்டு பிடிஎஃப் ஆக மாற்றும் ஒரு சிறு நிரல் எழுதிவிட்டால் எந்தப் பிரிண்டரிலும் அச்சிடலாமே? இந்தப் பிரிண்டர் நாளை நின்றுவிட்டால் இதெல்லாம் வீணாகாதா?

#14 — பழையநாடா

நியாயமான கேள்வி. அறிக்கை படிப்பதற்கு மட்டும் என்றால் நீங்கள் சொல்வதே சரி, நானே அதைத்தான் பரிந்துரைப்பேன்.

ஆனால் சில வேலைகளுக்கு நேரடி வழியை விட முடியாது. கார்பன் படிவத்தில் மூன்று பிரதி ஒரே அடியில் விழ வேண்டுமென்றால் ஊசி அடித்தாக வேண்டும், லேசரால் ஆகாது. வரி வரியாக நிகழ்வுகளைப் பதிவு செய்யும் இடத்தில் ஒரு வரி வந்ததும் அடிக்க வேண்டும், பக்கம் நிறையும்வரை காத்திருக்க முடியாது. ஊசிப் பிரிண்டரையே வைத்துக்கொண்டு டிரைவர் வழியாகப் பிடிஎஃப் அனுப்பினால் பிரிண்டரின் சொந்த எழுத்தும் வேகமும் போய்விடும். முன்பே அச்சிட்ட படிவத்தில் சரியான கட்டத்தில் எழுத்து விழ வேண்டும் என்றாலும் ஆறில் ஒரு அங்குல வரி, அங்குலத்துக்குப் பத்து எழுத்து என்ற கணக்கு அசையாமல் இருப்பது பெரிய நிம்மதி.

#15 — அகரமுதலி

நானும் ஒன்று கேட்கலாமா? ஊசிமுனையைப் போலவே 9 ஊசிப் பிரிண்டர். கோப்பில் தலைப்பை மட்டும் தமிழில் வைத்து அனுப்பினேன். தமிழ் வராது என்று எனக்குத் தெரியும், சும்மா என்ன வருகிறது என்று பார்க்கத்தான். ஆனால் பிரிண்டர் பீப் அடித்தது, தாள் தானாக நகர்ந்தது, ஓர் இடத்தில் எழுத்து இரட்டை அகலமானது, ஒரே வரியில் மேலுக்கு மேல் அடித்தது. உடைந்துவிட்டதோ என்று பயந்து நிறுத்திவிட்டேன்.

#16 — எண்தேனீ

உடையவில்லை, பயப்படாதீர்கள். உங்கள் தமிழைப் பிரிண்டர் கட்டளையாகப் படித்திருக்கிறது. காகிதமும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ரொம்பவே ரசித்தேன்.

யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட். முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது 128-இலிருந்து 191-க்குள்.

உங்கள் பிரிண்டர் சாய்வெழுத்து அட்டவணையில் இருந்திருக்கிறது. அந்த நிலையில் 160-க்கு மேல் உள்ளவை சாதாரண எழுத்துகளின் சாய்ந்த வடிவம். 128 முதல் 159 வரை உள்ளவையோ 0 முதல் 31 வரையிலான கட்டுப்பாட்டுக் குறிகளின் மறுபிரதி. 128-ஐக் கழித்துப் பாருங்கள்:

"இ", அப்புறம் "ே" என்ற துணையெழுத்து, இரண்டுமே 135-இல் முடியும். கழித்தால் 7, அது மணி. உங்கள் பீப்.

"ஊ", "ொ" இரண்டும் 138. கழித்தால் 10, தாள் ஒரு வரி நகரும்.

"எ" 142. கழித்தால் 14, அங்கிருந்து அந்த வரி முடியும்வரை இரட்டை அகலம். "ஏ" 143, கழித்தால் 15, சுருக்கம்.

"ௌ" 140. கழித்தால் 12, பக்கமே வெளியே போகும்.

எல்லாவற்றிலும் மேலாகப் புள்ளி. அது 141. கழித்தால் 13, தலை இடது ஓரத்துக்குத் திரும்பும். மெய்யெழுத்து வரும் இடத்திலெல்லாம் பிரிண்டர் வரியின் தொடக்கத்துக்குப் போய் ஏற்கெனவே அடித்ததன் மேலேயே அடித்திருக்கும்.

27 116 1 அனுப்பி 437 அட்டவணைக்கு மாறி, 27 54-உம் அனுப்பினால் இந்தக் கலவரம் அடங்கும். ஆனால் வருவது தமிழாக இருக்காது, எழுத்துக்கு எழுத்து கிரேக்க ஆல்ஃபாவும் இரட்டைக் கோண அடைப்பும்தான். 224, 174, 175 மூன்றுக்கும் 437-இல் உள்ள உருவங்கள் அவை.

#17 — அகரமுதலி

புள்ளிதான் கேரேஜ் ரிட்டர்ன்! இதை நான் ஒருபோதும் ஊகித்திருக்க மாட்டேன். அப்படியானால் இந்தப் பிரிண்டரில் தமிழ்த் தலைப்புக்கு வழியே இல்லையா?

#18 — பழையநாடா

உண்டு. ஊசிமுனையின் முத்திரை எப்படி வருகிறதோ அப்படி. படமாக.

தலைப்பு வரியை முதலில் கணினியில் கருப்பு வெள்ளைப் படமாக வரைந்துகொள்ளுங்கள். எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நூலகத்திடம் விட்டுவிடுங்கள், "கொ"வின் கொம்பை எங்கே வைப்பது என்ற கவலை நமக்கு வேண்டாம். 24 புள்ளி உயரம் போதும். அதை எட்டெட்டுப் புள்ளியாக மூன்று பட்டைகளாக வெட்டுங்கள். 9 ஊசித் தலையில் ஊசிகளுக்கு இடைவெளி 72-இல் ஒரு அங்குலம், அதனால் 27 65 8 அனுப்பி வரி இடைவெளியை 72-இல் 8 ஆக்கினால் பட்டைகள் இடைவெளியில்லாமல் ஒட்டும். ஒவ்வொரு பட்டைக்கும் 27 76, பிறகு எண்ணிக்கை இரண்டு பைட், பிறகு தரவு. 27 76 அங்குலத்துக்கு 120 நெடுவரிசை, 27 75 வெறும் 60. தமிழின் வளைவுகளுக்கு 120 வேண்டும்.

எண்ணிக்கையை எழுதும்போது 256-ஆல் வகுத்த மீதி முதலில், ஈவு அடுத்து. 480 நெடுவரிசை என்றால் 224 1. படம் முடிந்ததும் 27 50 அனுப்பி வரி இடைவெளியைப் பழையபடி ஆறில் ஒன்றாக்க மறக்காதீர்கள்.

சொந்த எழுத்துகளைப் பிரிண்டருக்குள்ளேயே ஏற்றும் 27 38 கட்டளையும் இருக்கிறது. ஒரு எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் தமிழுக்குப் போதாது. "ண"வும் "ஐ"யும் நசுங்கிவிடும். தலைப்புக்குப் படமே நல்லது.

#19 — எண்தேனீ

அனுப்பியது ஒன்று, வந்தது ஒன்று என்று தோன்றும்போது ஊகிக்க வேண்டாம். பெரும்பாலான எப்சன் ஊசிப் பிரிண்டர்களில் தரவுக் கொட்டல் என்று ஒரு நிலை உண்டு. முன்பக்கப் பொத்தான்களில் இரண்டை அழுத்திப் பிடித்தபடி இயக்கினால், வரும் ஒவ்வொரு பைட்டையும் பதினறும எண்ணாகவே அச்சிடும். எந்தப் பொத்தான்கள் என்பது கையேட்டில் இருக்கும். 27 64 என்பது 1பி 40 என்று வரும். வழியில் யார் எதைச் சேர்த்தார்கள், எதை விழுங்கினார்கள் என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

#20 — ஊசிமுனை

எல்லாம் சரியாகிவிட்டது! /பி போட்டேன், கோப்பைப் புதிதாக உருவாக்கினேன், முத்திரை முழுதாக வந்தது. பத்து அறிக்கையைத் தொடர்ந்து அனுப்பினேன், ஒன்றுகூடப் பிசகவில்லை. தரவுக் கொட்டலையும் செய்துபார்த்தேன், என் கோப்பைத் தாளில் எண்களாகப் பார்த்தது தனி மகிழ்ச்சி.

ஒன்றே ஒன்று. என் தொடர்தாள் 12 அங்குலம். ஒவ்வொரு பக்கமும் ஒரு அங்குலம் முன்னதாகவே முடிந்து, அடுத்த பக்கம் துளைக்கோட்டுக்கு மேலேயே தொடங்குகிறது. பத்தாவது அறிக்கை வரும்போது தலைப்பு பக்கத்தின் நடுவுக்கும் மேலே ஏறிவிட்டது.

#21 — பழையநாடா

பிரிண்டர் 11 அங்குலப் பக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. கோப்பின் தலையில் (27 64 இருந்தால் அதற்கு அடுத்து) 27 67 0 12 சேருங்கள். நடுவில் உள்ள 0 கட்டாயம், அது இல்லாவிட்டால் 12 வரி என்று எடுத்துக்கொண்டு இரண்டு அங்குலத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றும்.

இந்தக் கட்டளை வரும்போது தலை எங்கே நிற்கிறதோ அதையே பக்கத்தின் உச்சி என்று பிரிண்டர் குறித்துக்கொள்ளும். ஆகவே முதல் கோப்பை அனுப்பும் முன் துளைக்கோட்டைச் சரியான இடத்தில் நிறுத்துங்கள். பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் திருகைக் கையால் திருப்பாதீர்கள், தாள் நகர்ந்தது அதற்குத் தெரியாது. பொத்தானால் மட்டும் நகர்த்துங்கள்.

#22 — ஊசிமுனை

திருகைத்தான் திருப்பிக்கொண்டிருந்தேன். இப்போது 27 67 0 12 சேர்த்து, பொத்தானால் நகர்த்தி, மறுபடி பத்து அனுப்பினேன். பத்தும் துளைக்கோட்டிலிருந்து ஒரே தூரத்தில் தொடங்குகின்றன.